கணவன் வேடம்

ஆறு பெண்கள் சேர்ந்து போட்ட நாடகத்தில் கணவன் வேடம் எனக்கு வந்ததற்கு ஒரே காரணம் என் உயரம். ஏற்காட்டில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். சேலத்திலிருந்து ஓர் இயக்குநர், அவரும் பெண்தான், வாரம் இரண்டு நாள் வந்து பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை நடத்தினார். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் ஒருவனைப் பற்றிய கதை.

முதல் நாள் இல்லாத மீசையை முறுக்கி, நெஞ்சை நிமிர்த்தி நடந்து காட்டினேன்.

"இது சினிமா ஆம்பளைங்க. உங்க ஊட்டு ஆம்பள எப்படி உக்காருவாரு, அதப் பாருங்க" என்றார் இயக்குநர்.

அன்றிலிருந்து என் கணவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். வெள்ளக்கடையில் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து, போனைப் பார்த்தபடியே வலது கையை மட்டும் நீட்டுவார். தண்ணீர்ச் சொம்பு அந்தக் கைக்கு வந்து சேரும். கொண்டுவந்து கொடுப்பவள் நான். ஆனாலும் பதினான்கு வருடத்தில் அந்தக் கையை அப்போதுதான் பார்த்தேன். அவருக்குத் தெரியாமல் எதையோ எடுப்பதுபோல உறுத்தியது.

மனைவியாக நடித்தவள் செம்மநத்தத்துப் பெண். எங்கள் ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். ஒத்திகையில், குழம்பில் உப்பில்லை என்று நான் தட்டைத் தள்ள வேண்டும். தள்ளினேன். அவள் தோள் ஒடுங்கியது. வசனம் மறந்துபோனது.

"நெசமாவே நொம்ப பயந்துட்டனுங்க அக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் ஒடுங்கிய நொடியில் எனக்குள் ஒரு சுகம் ஓடியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வேடம் என்னைவிட்டு இறங்கவில்லை. மேசைக்குப் பின்னால் காலை அகட்டி நின்றேன், வந்தவர்களிடம் வெடுக்கென்று பேசினேன். ஒரு மாலை, யூனிபாரத்தோடு டிவி பார்த்துக்கொண்டிருந்த மகளை அதட்டினேன். வந்தது ஒத்திகைக் குரல். ஆறாவது படிக்கும் பிள்ளை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள். மறுநாளும் அதே குரலில் பேசினேன். வீட்டில் சொன்ன வேலையெல்லாம் சுலபமாக நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாடகம். மூன்றாவது வரிசையில் கணவரும் மகளும். நான் கையை நீட்டியதும் ஹால் முழுக்கச் சிரிப்பு. பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டதை மேடையிலிருந்து பார்த்தேன். கடைசிக் காட்சியில் நாடகத்துக் கணவன் தனியாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் பார்ப்பான். முடிச்சு அவிழாது. அழுகையும் வராது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பைக்கில் மூவரும் திரும்பினோம்.

"அது நான்தானே?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டார்.

"கைய நீட்டறது மட்டுந்தானுங்க."

நடுவில் உட்கார்ந்திருந்த மகள் சொன்னாள்: "அப்பா மாதிரி இல்ல. அம்மா மாதிரிதான் இருந்துச்சு."

வீடு வந்தது. இறங்கியதும், "தப்புத்தான் கண்ணு" என்றேன். "செரி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த மாதம் சேலத்தில் மறுபடி போடச் சொன்னார்கள். வேடத்தை மாற்றித் தரும்படி இயக்குநரிடம் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

"இப்பத்தான் அவன் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்கதான் பண்ணணும்" என்றார்.

போய் நடித்தேன். கணவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மகள் வரமாட்டேன் என்று மாரமங்கலத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.