இடது பக்கம் மட்டும் மெதுவாக

ஹெட்ஃபோன் விற்கும் தொழிலில் கடைச் சரக்கு முதல் இல்லை. நம் தலையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் முதல். நாக்கை நம்பிப் பிழைக்கும் சமையல்காரர்களே, கண்ணை நம்பிப் பிழைக்கும் தையல்காரர்களே, என் பயம் உங்களுக்குத்தான் புரியும்.

கடை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், ஒரு நகைக்கடைக்கு மேல் மாடி. முதலாளி முருகையா அண்ணன், ஊழியர் நான் ஒருத்தி. பழைய ரேடியோவில் கண்ணாடி வால்வு மினுக்குமே, அதே வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர்கள் எங்களிடம் உண்டு. வருகிறவரின் ஹெட்ஃபோனை அதில் மாட்டிக் கேட்டு, ஜோடி பொருந்துமா என்று சொல்வது என் வேலை.

சூடேறும் வரை

தினேஷ் என்ற பையன் சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து வாங்கிய ஹெட்ஃபோனோடு வந்தான். நான் ஆம்ப்ளிஃபையரைப் போட்டதுதான் தாமதம், சொருகப் போய்விட்டான். இந்த மாடலில் வால்வு சூடேறுமுன் சொருகினால் ‘டப்’பென்று ஓர் அடி விழும், ஹெட்ஃபோனுக்குள் இருப்பது போனாலும் போய்விடும். நான் போட்ட சத்தத்தில் கீழே நகைக்கடைக் காவலாளி மேலே எட்டிப் பார்த்தார்.

சூடேறட்டும் என்று காத்திருந்தோம். நான் வயரை இறுக்கிப் பிடித்திருந்ததை தினேஷ் பார்த்தான். “அக்கா, ஹெட்ஃபோன் என்னோடது லா. நீங்க ஏன் இப்படிப் பிடிச்சிருக்கீங்க?”

இடம் மாற்றி

அதே ஹெட்ஃபோனை நான் போட்டுக் கேட்டேன். இடது பக்கம் சன்னமாக இருந்தது. வால்வு களைத்திருக்கும் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு: அணைத்து, ஆறவிட்டு, இடது வால்வையும் வலது வால்வையும் இடம் மாற்றிப் போடுவோம். குறை வலப்பக்கம் போனால் வால்வில் கோளாறு. போகவில்லை. ஹெட்ஃபோனையே திருப்பி மாட்டினேன். அப்போதும் இடதுதான்.

வால்வும் இல்லை, ஹெட்ஃபோனும் இல்லை என்றால் மிச்சம் இருந்தது ஒன்றுதான். என் காது. இந்த வயதில் ஒற்றைக் காதோடு போனால் எந்தக் கடை எடுக்கும்? தினேஷ் வாங்கிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு அக்கா. சூப்பர் லா!”

பொருந்தாத ஜோடி

அன்றிலிருந்து பொங்கோலில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் போகும்போதெல்லாம் ஃபோனை இந்தக் காதிலும் அந்தக் காதிலும் மாற்றி வைத்துப் பார்ப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போனார்கள்.

அந்த வாரம் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்த தவராசா ஐயா வந்தார், ஓய்வு பெற்ற கணக்காளர். அவருடைய ஹெட்ஃபோனின் மின்தடை குறைவு. எங்கள் வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு அதிக மின்தடைதான் தோது. காதை நம்பப் பயந்து, அட்டைப் பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்தே, “இது பொருந்தாதுங்க ஐயா, தாளச் சத்தம் கொழகொழன்னு இருக்கும்” என்றேன். சொன்னது சரிதான். ஆனால் ஹெட்ஃபோன் இன்னும் அவர் மடியில் இருந்தது.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பிள்ளை, நீர் கேட்டுச் சொல்லுறீரோ, வாசிச்சுச் சொல்லுறீரோ?”

பரிசோதனை அறை

ஆங் மோ கியோவில் ஒரு காது கிளினிக்குக்குப் போனேன். சத்தம் புகாத சின்ன அறை, காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வலது பக்கம் அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடது பக்கத்தில் வெகுநேரம் அமுக்க எதுவும் வரவில்லை. பழக்க தோஷம், “ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிப் பாக்கலாமா?” என்று கேட்டேன்.

பரிசோதித்த தமிழ்ப் பெண் பொறுமையாகத் திருப்பி மாட்டினாள், மறுபடி பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மேடம், மெஷின் நல்லாதான் இருக்கு. காதைப் பத்திப் பேசலாமா?”

முதலாளி

இடது காதில் மேல்சுரங்கள் போய்விட்டன, திரும்பி வராது. அழுதேன். மறுநாள் முருகையா அண்ணனிடம் போய், “அண்ணே, எனக்கு இடது காது சரியா கேக்கல. வேற ஆளப் பாத்துக்குங்க” என்றேன்.

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வந்து எனக்கு வலப்பக்கமாக நின்றார். “எனக்கு வலது காது கேக்காம எத்தனையோ வருஷம் ஆச்சு. பின்ன உன்னை எதுக்கு வேலைக்கு வச்சேன்னு நெனச்சே? இனிமே இடது பக்கம் நான் கேக்கறேன், வலது பக்கம் நீ கேளு லா.”

ஆகவே எங்கள் கடைக்கு ஹெட்ஃபோன் கொண்டு வருகிறவர்கள் எங்கள் இருவரிடமும் அபிப்பிராயம் கேட்டுவிட்டுப் போகவும். ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாதிப் பாட்டுக்குத்தான் உத்தரவாதம்.