சகலைக்கு மேல ஒண்ணு

லாரி ஆபீசு நடத்தறவன் டயர் விலையைக்கூடத் தாங்கிக்குவானுங்க. சகலையும் அதே தொழில்ல இருந்து, நல்லாவும் இருந்தா, அதை மட்டும் தாங்க முடியாது. சகலை வாய்ச்ச சாமிகளா, உங்களுக்கு நான் சொல்லணுமா? எனக்கு நாமக்கல்ல ஆபீசு. என் ஊட்டுக்காரியோட தங்கச்சி புருஷன் குமரேசனுக்குச் சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல.

சத்தமில்லாத ஆபீசு

ஒருநாள் அவன் ஆபீசுக்குப் போனா, ஒரு போனும் அடிக்கலை. இங்க நாங்க "வண்டி எங்க, பில்லு எங்க"ன்னு தொண்டை கட்டக் கத்திட்டிருக்கோம். அங்க ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்கான், லோடு குடுக்கற பார்ட்டிக்கு மெசேஜ், பில்லு எல்லாம் தானாப் போகுது. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாமாம். ஸ்கிரீன்ல கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்துச் சேர்த்தாப் போதுமாம்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. நமக்கும் வண்டி பெருகிட்டு வருது, நானும் ஒண்ணு வாங்கறேன்னு சொன்னேன். அவன் சிரிச்சுட்டே சொன்னான்: "உங்களுக்கு எதுக்குங்கண்ணா இதெல்லாம்? நீங்க கத்தியே சமாளிச்சுக்குவீங்க."

டெமோ

அடுத்த வாரமே, குமரேசனுக்கு வித்த கம்பெனியில இருந்தே ஒரு பொண்ணை வரவெச்சேன். லேப்டாப்பைத் திறந்து மூணு விதமான சாஃப்ட்வேர் காட்டுச்சு. சின்ன ஆபீசுக்கு இது, பெருசுக்கு இதுன்னு பொறுமையா விளக்குச்சு. என் காதுல ஒண்ணும் ஏறலை. குமரேசன் வெச்சிருக்கறது எது, அதுக்கு மேல எது, இந்த ரெண்டையும்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மேல இருந்ததையே எடுத்துக்கறேன்னேன். அந்தப் பொண்ணு லேப்டாப்பை மூடிட்டு, "சார், உங்க ஆபீசுக்கு என்ன வேணும்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லீங்களே?"ன்னுச்சு.

ராகு காலம்

எனக்குச் சோறு போடறதே மேட்டூர் கெமிக்கல் கம்பெனி லோடுதான். குமரேசனுக்கும் அது மேல ரொம்ப நாளாக் கண்ணு. லோடு ஏறி, வெளிய போக கேட் பாஸ் போட்டதும் "வண்டி கிளம்பியது"ன்னு அந்தக் கம்பெனிக்கு மெசேஜ் போற மாதிரி, புதுசா வாங்கின சாஃப்ட்வேர்ல நானே கோடு இழுத்து வெச்சேன். என்ன பெருமைங்கறீங்க!

முதல் நாளே, பாஸ் போடறப்ப ராகு காலம். எங்க டிரைவருங்க கழுத்தைப் புடிச்சுத் தள்ளினாலும் அப்ப வண்டியை எடுக்க மாட்டாங்க. மெசேஜுக்கு ராகு ஏது, கேது ஏது? அது போயிருச்சு. மேட்டூர் மேனேஜர் கூப்பிட்டார்: "கிளம்பின வண்டி என் ஜன்னலுக்கு எதிர்லயே நிக்குதுங்க, டிரைவர் டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சுட்டிருக்கார். இன்னொருக்கா இப்படிப் பொய் வந்தா, உங்க சகலைக்கே லோடைக் குடுத்தர்றேன்."

ஊட்டு விசாரணை

அன்னைக்கு ராத்திரி ஊட்ல நடந்ததைச் சொன்னேன். என் ஊட்டுக்காரி உடனே தங்கச்சிக்குப் போனைப் போட்டா. குமரேசன் ஆபீசுல அந்தத் தங்கச்சிப் புள்ளதான் எல்லாத்தையும் அமைச்சிருக்குது. வண்டி நகர்ந்தப்புறம் டிரைவரே போன்ல ஒரு பட்டனை அமுக்குவாராம்; அதுக்கப்புறம்தான் மெசேஜ் போகுமாம். அவ்வளவுதாங்க சமாச்சாரம்!

போனை வெச்சுட்டு என்னைப் பார்த்தா: "என் தங்கச்சி டிரைவருங்களைக் கேட்டுட்டு வாங்கியிருக்கா. நீங்க யாரைக் கேட்டீங்க?"

பாராட்டு

மறுநாளே எங்க டிரைவருங்க போன்லயும் அந்தப் பட்டனை வெச்சேன். வண்டி உருண்ட பின்னாடிதான் இப்ப மெசேஜ் போகுது. மேட்டூர்க்காரரே ஒருநாள் கூப்பிட்டார். லோடு உங்களுக்கேதான்னு அவர் சொன்னதும் எனக்கு உசிரு வந்துச்சு. அப்படியே போனை வெச்சிருக்கலாமில்லீங்க? "இப்பத்தாங்க சரியா இருக்குது. உங்க சகலை வந்து செஞ்சு குடுத்தாரா?"ன்னு கேட்டார்.

லோடு என்கிட்டத்தான் இருக்குதுங்க, ஆனா அதை நெனைச்சுச் சந்தோஷமா ஒரு வாய் காப்பி குடிக்க முடியலை.