சைப்பிரசுக்கு விசா தேவையில்லை

"மே 2009. சைப்பிரஸ்: வாகனம் இடப்பக்கம் ஓடும், மூன்று முனைப் பிளக், யூரோ. விசா தேவையில்லை." என் சுற்றுலாக் குறிப்பு இது.

டென்மார்க்கில், புரொண்பியில் பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணை அதை வாசித்து நம்பினார். வன்னியில் தாய் ஷெல்லடியில் இறந்ததை, சைப்பிரசில் வீட்டுவேலை செய்த தங்கச்சிக்கு நேரில் சொல்லப் புறப்பட்டார். போனில் கேட்டால் அவள் தனியே தாங்கமாட்டாள் என்றார்.

கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் அவருடைய அகதிப் பயணப்பத்திரத்துக்கு விசா கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

"தம்பி, பிளக்குக்கு எத்தினை முனை எண்டு எழுதின நீர், என்ர பத்திரத்தைப் பற்றி ஒருக்கா விசாரிச்சிருக்கலாமே?"

டெனிஷ் பாஸ்போர்ட்காரனான நான் எனக்குப் பொருந்துவதை மட்டும் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் இன்றும் என்மேல் ஆத்திரம்தான் வருகிறது.

தங்கச்சிக்குக் கடைசியில் யார் சொன்னார்கள்? யாரோ போனில்தான் சொன்னதாகச் சொல்கிறார்கள். அதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.