உருகிப் போகிற பரிசு

கதவுக்குப் பின்னால், ஒற்றை ஆணியில், பழுத்த பப்பாளியின் உள்சதை நிறத்தில் ஒரு கோட்டு தொங்கியது. பர்மியத் துறைமுக நகரத்தின் பபேடான் பேட்டையில், வெற்றிலைக் கறை படிந்த படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறினால் வருகிற அத்தானின் பயண அலுவலகக் கதவு அது. வெளியே ஆடி மழை தெருவையே தூக்கிக்கொண்டு போகும். உள்ளே சுவர் வியர்க்கும். கரண்டு போய் மின்விசிறி நின்றிருக்க, நாங்கள் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருப்போம். அந்தக் கோட்டு மட்டும், தொப்பி ஓரத்தில் பொய்ம்மயிர் சிலிர்க்க, யாரோ குளிரில் விறைத்து நிற்பதைப் போல நின்றுகொண்டிருக்கும். கப்பலில் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் பழந்துணியிலிருந்து அத்தான் பொறுக்கி வந்தது. உள்பையில் முன்பு அணிந்தவர் விட்டுப்போன மிட்டாய்க் காகிதம்கூட அப்படியே இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் ஐரோப்பாவிலிருந்து தருவித்ததாகச் சொல்வார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்களைப் போலவே துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்களின் பேரப்பிள்ளை. முதலில் மெட்ராஸ் டிக்கெட்டும் புத்தகயா யாத்திரையும்தான் விற்றார். அது சோறு போட்டது. ஆனால் சோறு போடுகிற தொழிலில் பெருமை இல்லை என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். வெயிலில் காய்கிறவன் ஏழை, பனியில் நனைகிறவன் பணக்காரன் என்று ஒரு சித்தாந்தத்தைக் கண்டுபிடித்து, நகரத்தில் புதிதாகக் கொழுத்தவர்களை ஜப்பானின் வடக்கு மலைகளுக்குப் பனிச்சறுக்கு விளையாட அனுப்பத் தொடங்கினார். அந்தச் சொல்லை அவர் வாய் நிறைய உச்சரிப்பதைக் கேட்டால், தினமும் காலையில் சூலே பகோடாவைச் சுற்றிச் சறுக்கிவிட்டு வருகிற ஆள் என்றுதான் தோன்றும். அவர் பார்த்த பனியெல்லாம் கரும்புச்சாற்று வண்டியில் மிதந்ததுதான்.

விளம்பர வாசகம் எழுதுவது என் வேலை. பனியைப் பார்த்திராத நான், பனியைப் பார்த்திராத அவருக்காக, பனியைப் பார்த்திராத ஊருக்கு எழுதினேன். ஒரு முறை, 'வானம் தன் பஞ்சுப் பொதியை அவிழ்க்கும் வேளை' என்று எழுதிக் கொடுத்தேன். "பொதின்னா மூட்டை ஞாபகம் வருது கொழுந்தியா, நம்ம தாத்தனுங்க தூக்குனது போதும்" என்று அடித்துவிட்டார். மூட்டையை மறக்க வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கையின் மொத்தத் திட்டம். மற்றபடி அவருக்குத் திட்டம் என்று இருந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. பருவம் தொடங்கியதும் முதல் ஆளாகப் போய்விட வேண்டும். கார்த்திகை மாதத்திலேயே போனால் அறை மலிவு, கூட்டம் இல்லை, வரிசை இல்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஜப்பான் வரைபடத்தை விரித்து, அதன் வடக்கு முனையில் தேநீர்க் கிளாஸை வைத்து, ஆனி மாதமே ஏற்பாடுகளை ஆரம்பித்துவிடுவார். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அப்போது பனி விழுவது நிச்சயமில்லை என்பதுதான் என்று நான் ஒரு நாள் சொன்னேன். "பனி இல்லேன்னா என்ன, குளிர் இருக்குமில்ல? நம்ம ஆளுங்க குளிருக்குத்தானே காசு குடுக்குறாங்க" என்றார். அதில் ஓரளவு உண்மை இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவருடைய மேதைமை வெளிப்பட்டது பரிசு விஷயத்தில். தடின்ஜூ விளக்குத் திருநாளில் இங்கே இளையவர்கள் மூத்தவர்களின் முன்னால் மண்டியிட்டு வணங்கிப் பரிசு வைப்பார்கள், மூத்தவர்கள் வாழ்த்துவார்கள். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் என்று இருந்த அழகான வழக்கம். அது நகர்ந்து நகர்ந்து, கையெழுத்துப் போடுகிற அதிகாரம் உள்ளவர்களின் வீட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிஸ்கட் டின்னும் ஆப்பிளும் துவாலையும் அடுக்கி, பளபளக்கும் தாள் சுற்றிய கூடைகள் அங்கே மலையாகக் குவியும். அந்தக் கூடைக்குள் ஒரு பனிச்சறுக்குப் பயணத்தை ஒளித்து வைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் எங்கள் அத்தான். லத்தா பேட்டையில் இரும்பு வியாபாரம் செய்த கான்ட்ராக்டர் ஒருவருக்கு அவர் அதை விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. "நகை குடுத்தா கழுத்துல நிக்கும். கார் குடுத்தா வாசல்ல நிக்கும். பனி எங்க நிக்கும்? உருகிப் போற பரிசுக்கு யாரு கணக்குக் கேப்பா?" கான்ட்ராக்டர் மகானைப் பார்ப்பதைப் போல அவரைப் பார்த்தார். லஞ்சம் என்கிற அழுக்கு வேட்டிக்கு அவ்வளவு வெண்மையான சலவையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அக்கா அடுத்த மேசையில் விசா மனுக்களுக்குப் புகைப்படம் ஒட்டிக்கொண்டிருப்பாள். அவளுடைய ஒரே மகள் பாப்பா அதே வடக்கு மலையில், அத்தான் ஆள் அனுப்புகிற அதே ஓட்டலில், படுக்கை விரிக்கிற வேலையில் இருந்தாள். அங்கே அத்தானுக்கு அறை கிடைத்ததே அவள் மேலாளரிடம் கெஞ்சியதால்தான். பாப்பா ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா என்று யாராலும் சொல்ல முடியாத காலம். ஆகவே அக்காதான் போக வேண்டும். குழுவாகப் போனால் ஓர் இருக்கை இலவசம். அது ஏற்பாடு செய்தவருக்கு உரியது. மழைக்காலம் தோறும், "இந்தத் தடவை அது உனக்குத்தான்" என்பார் அத்தான். தடின்ஜூ தோறும் அது யாருக்காவது பரிசாகிவிடும். ஓராண்டு வங்கிக்காரர். ஓராண்டு அந்த வங்கிக்காரரின் மச்சினன். ஓராண்டு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு ஜோசியர். அம்மா எப்ப வர்றீங்க என்று ஃபோனில் கேட்பதைப் பாப்பா நிறுத்தியிருந்தாள். அக்கா பசையைத் தேவைக்கு அதிகமாகத் தடவினாள், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு அத்தான் கோட்டு வாங்கி வந்ததால் அக்கா நம்பிவிட்டாள். அவளுக்கென்று வாங்கியதை, வாடிக்கையாளர் கண்ணில் படட்டும் என்று கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்தபோதுகூட நம்பினாள். அலுவலகத்தைப் பூட்டும்போது அதன் தோளில் தூசி தட்டுவாள்.

அந்த ஆண்டுக் குழு ஒரு பெரிய அதிகாரி வீட்டுக் கூட்டம். அவருடைய மனைவியை ஊரே சயாகடோ என்றுதான் அழைக்கும். அப்படிப்பட்டவர்களின் மனைவிமாருக்கு இங்கே அதுதான் பட்டம். செலவு அந்த இரும்புக் கான்ட்ராக்டருடையது. புறப்படும் முன் குளிர் பழக வேண்டும் என்று அத்தானுக்கு ஒரு யோசனை தோன்றியது. படகுத்துறைப் பக்கம் இறாலை உறைய வைக்கும் ஒரு குளிர்க்கிடங்கு. அதன் முதலாளி பாய் எங்களுக்குத் தெரிந்தவர். சயாகடோ, அவருடைய பிள்ளைகள், மருமகள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாடகைக் கோட்டுகளுக்குள் புகுந்து, இறால் பெட்டிகளுக்கு நடுவே வரிசையாக நின்றார்கள். அத்தான் முழங்காலை மடக்கி, கைகளைப் பின்னுக்கு வீசி, சறுக்குவது எப்படி என்று செய்து காட்டினார். பாய் கதவருகில் நின்றபடி என்னிடம் தமிழில், "இதுல யாரை ஏத்துமதி பண்ணணும்னு மட்டும் சொல்லிடும்மா, இறால் மாதிரி தலையைக் கிள்ளணும்ல" என்றார். சயாகடோவுக்குப் புரியவில்லை. என் சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்து வைத்தார்.

எல்லோரும் வெளியே ஓடி வந்த பிறகும் அக்கா வரவில்லை. பப்பாளி நிறக் கோட்டில், உள்ளே தனியாக நின்றுகொண்டிருந்தாள். போய் இழுத்தேன். கையெல்லாம் சில்லிட்டிருந்தது. "பாப்பா இந்தக் குளிர்லதானே இருக்கா" என்றாள். கூடவே, "கொஞ்சம் நின்னுட்டு வர்றேன், நீ போ" என்றாள். அத்தான் வெளியில், மூக்கு மரத்துப் போனதற்காக எல்லோரிடமும் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

தடின்ஜூ வந்தது. வணங்கப் போகும்போது பக்கத்தில் மனைவி இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று அத்தான் அக்காவைப் பட்டுச் சேலையில் கூட்டிப் போனார். கூடையைத் தூக்க நான். சயாகடோ வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, இடம் கொள்ளாமல் ஆட்கள் மண்டியிட்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. கைகூப்பித் தலை தாழ்த்திய நேரத்தில் சயாகடோ மகிழ்ச்சி பொங்கச் சொன்னார், பயணத்தில் தன் மூத்த அக்காவுக்கும் இடம் கொடுத்ததை மறக்கவே மாட்டேன் என்று. அத்தான் தரையைப் பார்த்தார். அக்கா அத்தானைப் பார்த்தாள். இலவச இருக்கை எங்கே போயிற்று என்று சொல்ல வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை.

வழக்கப்படி சயாகடோ கையை உயர்த்தி, நினைத்ததெல்லாம் நிறைவேறட்டும் என்று வாழ்த்தினார். கூடம் முழுவதும் வழக்கப்படியே "தாது, தாது, தாது" என்றது. நல்லது, அப்படியே ஆகட்டும் என்று பொருள். அப்புறம் எழுந்து நகர வேண்டியதுதான் முறை. அக்கா எழவில்லை. மரியாதை கொஞ்சமும் குறையாத பர்மியப் பேச்சில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நான் நினைச்சது ஒண்ணுதான், சயாகடோ. உங்க அக்காவுக்குப் போன இடம் என்னோடது. அந்த ஓட்டல்ல படுக்கை விரிக்கிறது என் மக. அவளைப் பாக்கணும்."

அத்தானின் முழங்கை அக்காவின் விலாவில் இடித்தது. அவள் கூப்பிய கையை இறக்கவில்லை. சயாகடோ கூடத்தை ஒரு முறை பார்த்தார். அத்தனை பேர் முன்னால், திருநாளன்று, சொன்ன வாழ்த்தின் ஈரம் காய்வதற்குள் அதைப் பொய்யாக்க அவருக்குத் துணிவு வரவில்லை. தன் அக்காவுக்கு மூட்டுவலி, குளிர் ஆகாது, அந்த இடம் உங்களுக்கே என்று தானே சொல்ல இருந்ததாகச் சிரித்தார். யாரோ மறுபடியும் "தாது" என்றார்கள். அந்த அம்மாளை நான் மதிப்பதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. இந்த ஒன்று போதும்.

கியாக்டடா பேட்டையின் பஸ் நெரிசலில் டாக்ஸி நின்றுபோனபோது அத்தானுக்கு வாய் திறந்தது. அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டதாகவும், கட்டியெழுப்பிய பெயரெல்லாம் போயிற்று என்றும் சொல்லிக்கொண்டே போனார். அக்கா ஜன்னலுக்கு வெளியே, தெரு விளிம்பில் ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உருகுனா உருகட்டும். யாரு கணக்குக் கேக்கப் போறா?" என்றாள்.

டாக்ஸிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கண்ணாடியில் அத்தானின் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

அவர்கள் போய் இறங்கியபோது மலையில் பனி இல்லை. முதல் ஆளாகப் போனவர்களுக்கு முதலில் கிடைத்தது தூறல். சரிவு முழுக்க வறுத்த சேமியா நிறத்தில் காய்ந்த புல். மேலே ஏற்றிச் செல்லும் நாற்காலிகள் கம்பியில் சும்மா ஆடிக்கொண்டிருந்தன. ஓட்டலுக்குப் பின்னால் இயந்திரம் கக்கிய ஒரு குவியல் வெள்ளை இருந்ததாம். சயாகடோ குடும்பம் ஒவ்வொருவராக அதன் மேல் ஏறி, சறுக்குக் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு படமெடுத்துக்கொண்டது. அந்தப் படங்களில் ஓரத்தில் ஒரு குப்பைத் தொட்டி தெரியும். வெட்டியெடுக்க அவர்களுக்குத் தெரியவில்லை. மற்ற விருந்தினர் யாரும் வராததால் விரிக்கப் படுக்கை இல்லை. மேலாளர் பாப்பாவுக்கு விடுமுறை கொடுத்துவிட்டார். பணியாளர் அறையில், ஒரே கட்டிலில், அம்மாவும் மகளும் இருந்த நாளெல்லாம் கதவு சாத்தியே இருந்ததாம். துணி வெளுத்து வெடித்திருந்த அவள் விரல்களில் அக்கா தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள். சோறு வடித்துப் பருப்புக் கடைந்திருக்கிறாள். கோட்டைப் போடவே இல்லை. "உள்ளயே இருந்தோம்டி, எங்க குளிருது" என்றாள் என்னிடம்.

அக்கா திரும்பி வந்ததும் அத்தான் நடந்துகொண்ட விதத்தில்தான் அவருடைய முழு உயரம் தெரிந்தது. அக்காவும் பாப்பாவும் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி, வருகிறவர்களின் கண்ணுக்கு நேரே மாட்டினார். மனைவிக்கே பனிப் பயணத்தைப் பரிசளித்த மனிதர் ஆகிவிட்டார். கேட்பவர்களிடம் குரல் தழுதழுக்கச் சொல்வார். அதை அவரே நம்பத் தொடங்கிவிட்டார் என்பதுதான் வேடிக்கை. அடுத்த பருவத்துக்கு, மனைவிக்குக் கணவன் தரும் பனி என்று உருக்கமாக ஒரு வாசகம் எழுதச் சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தவள்தான். அதற்குப் பிறகு நான் அந்தப் படி ஏறவில்லை.

அந்த அலுவலகத்தில் இப்போது யாரோ கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். டிக்கெட் வாங்க ஆள் இல்லை. வாங்கினாலும் புறப்பட முடியுமா என்று தெரியாது. போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சித்திரை வெயில். கரண்டு எப்போது வரும் என்று கேட்பதை ஊரே விட்டுவிட்டது. அத்தான் பனியனும் கைலியுமாக ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தக் கார்த்திகைக்கு யாரை அனுப்பலாம் என்று யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஆள் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

சமையலறையில், ஈயத் தொட்டிக்குள், அந்தப் பப்பாளி நிறக் கோட்டு உட்கார்ந்திருந்தது. தொப்பி இழுத்துக் கட்டி, கைகள் இரண்டும் முன்னால் முடிச்சுப் போட்டு. வண்டியில் விற்கிற ஐஸ் பாளத்தை அக்கா அதற்குள் வைத்திருந்தாள். சாக்கில் சுற்றினால் மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிடுகிறதாம். இதில் மறுநாள் வரை கிடக்கிறதாம்.

அத்தான் தண்ணீர் கேட்டார். அக்கா முடிச்சை அவிழ்த்து, ஒரு சில்லு உடைத்து, கிளாஸில் போட்டுக் கொடுத்தாள். கண்ணை மூடி, முழுவதும் குடித்து முடித்தார்.

"பாத்தியா கொழுந்தியா, எப்படித் தாங்குதுன்னு? உங்க அக்காவுக்கு நான் குடுத்த பரிசு."

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. குனிந்து, ஐஸை உள்ளே நேராக்கி, பொய்ம்மயிரில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தாள். பள்ளிக்கூடம் புறப்படும் பிள்ளைக்கு இழுத்துவிடுவதைப் போல, மெதுவாக, தோல் மாட்டிக்கொள்ளாமல்.