முட்டை அட்டையும் அக்காவின் இடது காதும்

வெல்டிங் பட்டறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டிய முட்டாள் மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே ஒருவன்தான் இருக்க முடியும். அது நான்தான். நாள் முழுக்கத் தீப்பொறி பறக்கிற இடத்தில், காய்ந்த காகித அட்டையை, நானே ஏணி போட்டு ஏறி, நானே பசை தடவி ஒட்டினேன். தள்ளி நின்று அழகு பார்த்தேன். கைப்பேசியில் படம் எடுத்து மனைவிக்கும் அனுப்பினேன். "அழகா இருக்கு. எப்ப கொளுத்தப் போறீங்க?" என்று பதில் வந்தது. கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் ஒட்டினேன் என்றால், அக்காவின் காதுக்காக.

கூலிம் நகரில் இரும்புத் தொட்டிகளும் சட்டங்களும் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வெல்டிங் பகுதியில் நாங்கள் ஒன்பது பேர். அதில் ஒரே பெண், எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஆனால் அவர் போடும் வெல்டிங்கைப் பார்த்தால் வயது கேட்கத் தோன்றாது, கும்பிடத்தான் தோன்றும். எண்ணெய் வைத்து வாரிப் பின்னிய சடை மாதிரி அவ்வளவு ஒழுங்காக ஓடும். என் வெல்டிங்கும் ஓடும், கோழி ஓடுகிற மாதிரி.

பட்டறைச் சத்தத்தைப் பற்றி என்ன சொல்ல? டீசலில் ஓடும் பழைய வெல்டிங் மெஷின் ஒன்று. வெளிவேலைக்கென்று வாங்கியது, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை போல உள்ளேயே தங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் வைத்த சந்தனம், அது உதறுகிற உதறலில் தீபாவளிக்குள் மூக்குக்கு இறங்கிவிடும். பக்கத்தில் காற்று கம்ப்ரஸர். அதற்கு மேல் கிரைண்டர்கள், சுத்தியல்கள். காதில் அடைத்துக்கொள்ள இயர் பிளக் கொடுத்திருந்தார்கள். அக்கா ஒழுங்காகப் போடுகிறவர்தான். ஆனால் பதினோரு வருடமாக அவருக்கு இடது பக்கத்து மேடையில் நிற்பவன் நான். எனக்கோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜோக் வந்துவிடும். முகமூடியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவேன். அவரும் மரியாதைக்கு இடது காதிலிருந்து பிளக்கைக் கழற்றிக்கொண்டு கேட்பார், தலையாட்டுவார், சிரிப்பார்; அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரிப்பார்கள். உலகத்திலேயே என்னை அதிகம் மதித்த ரசிகை.

போன வருடம் செவிப் பரிசோதனை நடந்தது. ஒரு மலாய் நர்ஸ் வந்து ஒவ்வொருவரையும் சின்னக் கூண்டுக்குள் உட்கார வைத்து, பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். எனக்குக் கேட்டதும் அழுத்தினேன், கேட்டிருக்குமோ என்று தோன்றியபோதும் அழுத்தினேன். "அபாங், இது லாட்டரி இல்ல," என்று அண்ணன் முறை வைத்தே கூண்டுக் கதவைத் திறந்து திட்டினார். என் காதுகள் தப்பித்தன. அக்காவுக்கு வலது காது சரி, இடது காது இறங்கியிருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இன்னும் இறங்கியிருந்தால் அவரை வெல்டிங்கிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"இருபது வருஷம் நெருப்பப் பாத்தவள போல்ட்டு எண்ணச் சொல்றாங்க தம்பி."

"ஸ்டோருல ஏர்கோன் இருக்குக்கா, குளுகுளுன்னு."

"நீயே போய் எண்ணு லா."

இடது காது. நான் நிற்கிற பக்கம். பிளக்கைக் கழற்றுகிற பக்கம். இந்தக் கணக்கைப் போட எனக்கே அரை நாள் ஆனது. மேனேஜர், "சத்தத்தக் கொறைக்க யாராவது பொறுப்பெடுக்கணும்," என்று சொன்னபோது வாக்கியம் முடிவதற்குள் கையைத் தூக்கிவிட்டேன். "மூணு மாசம் குடுங்க பாஸ், நூலகம் மாதிரி ஆக்கிக் காட்டுறேன்," என்று வேறு அளந்துவிட்டேன்.

பாட்டுப் பதிவு செய்யும் அறைகளில் முட்டை அட்டை ஒட்டியிருப்பதைக் கைப்பேசியில் பார்த்திருந்தேன். அங்கே பாடுகிறார்கள், யாரும் வெல்டிங் செய்வதில்லை என்பது ஏனோ மண்டைக்கு எட்டவில்லை. ரொட்டி தெலூர் என்கிற முட்டை ரொட்டிக்குப் பேர்போன, தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போய் அட்டைகளைக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா தம்பி, முட்டைய எங்கிட்டயே விட்டுட்டு அட்டைய மட்டும் திங்கப் போறியா?"

"சத்தத்தக் கொறைக்கப் போறேன் பாய்."

"அப்ப நீ வாய்ல ஒட்டிக்கலாமே."

மோட்டார் சைக்கிளில் நாலு நடை அடித்து அட்டை கொண்டுவந்தேன். ஒட்டிய மூன்றாம் நாள், என் கிரைண்டரிலிருந்தே ஒரு பொறி போய்ச் சுவரில் உட்கார்ந்தது. நல்லவேளை, பக்கத்திலேயே தீயணைப்புக் குப்பி இருந்தது. அரை நிமிடத்தில் அணைத்துவிட்டோம். புகை அடங்கியபோது ஒன்பது பேரும் குப்பியின் வெள்ளைப் பொடி படிந்து, தலை முதல் கால் வரை திருநீறு பூசியதுபோல் நின்றோம். அக்கா கண்களை மட்டும் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"சத்தம் அப்படியேதான் இருக்கு தம்பி. செவுருதான் கொறஞ்சிருக்கு."

மேனேஜர் என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. அதில் பாதி மலாய், பாதி ஹொக்கியன் சீனம், முழுவதும் உண்மை.

நான் அடங்குவேனா? சுங்கைப் பட்டாணிப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் இருக்கும் மச்சானிடம் போய் ரப்பர் ஷீட் வாங்கி வந்தேன். மெஷின் அடியில் ரப்பர் போட்டால் அதிர்வு குறையும், யோசனை சரிதான். ஆனால் நான் கொண்டுவந்தது புகை போடாத, ஈரம் காயாத ஷீட். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன் மூக்குக்கு அது நாற்றமாகவே தெரியவில்லை. வீட்டு வாசனையாகத்தான் இருந்தது. டீசல் மெஷின் சூடேற ஏற, மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அன்று பிற்பகல் பட்டறையில் சத்தம் சுத்தமாக இல்லை. வேலை செய்ய ஆளே இல்லையே!

இரண்டு வாரம் வீணானது. தன் மகள் போன் செய்தால் அக்கா போனை வலது காதுக்கு மாற்றிக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

கடைசியில் மேனேஜர் ஒரு சத்தம் அளக்கும் கருவியைக் கையில் திணித்தார். "எதையும் ஒட்டாதே. எதையும் வாங்காதே. முதலில் அளந்து பார்," என்றார். முன்பே சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அக்கா தாளில் எழுத, நான் கருவியோடு சுற்றி வந்தேன். டீசல் மெஷின் அருகில் எண் ஏறியது, எதிர்பார்த்ததுதான். கம்ப்ரஸரில் பாதிச் சத்தம், ஆணி கழன்ற தகர மூடி அடித்துக்கொண்டதால் வந்தது. ஆனால் எல்லாவற்றையும்விட எண் எகிறிய இடம், பெரிய தொட்டி ஒன்றை இரண்டு பேர் சுத்தியலால் தட்டியும் கிரைண்டரால் தேய்த்தும் கொண்டிருந்த மூலை. வெறும் கான்கிரீட் தரையில் வைத்த காலித் தொட்டி, கோயில் மணியாட்டம் அலறியது.

"எதுக்கு இவ்ளோ தட்டுறாங்க?" என்று கேட்டேன்.

"வெல்டிங் மேல தெறிச்சு ஒட்டினத எடுக்குறாங்க. மேடு பள்ளத்தத் தேய்க்கிறாங்க," என்றார் அக்கா.

"எவன் இப்படிப் போட்டு வச்சான்?"

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். அவரவர் போட்ட வெல்டிங் பக்கத்தில் அவரவர் எண்ணைச் சாக்பீஸால் எழுதிவிட வேண்டும். அக்கா தொட்டியை நோக்கி விரலை நீட்டினார். அங்கே ஏழு என்று எழுதியிருந்தது. அடுத்த மூலைக்குப் போனோம். ஏழு. கதவோரம் ஒருவன் காது கிழியத் தேய்த்துக்கொண்டிருந்த சட்டத்திலும் ஏழு.

ஏழாம் நம்பர் நான்தான்.

சத்தத்தைத் தேடிச் சுவரிலும் தரையிலும் அலைந்தவன், அதை இத்தனை நாளும் சட்டைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறேன். ஜோக் சொல்ல நேரம் வேண்டுமென்று மெஷினில் கரண்டைக் கூட்டி வைத்து அவசரமாகப் போட்டுவிடுவேன். நான் மிச்சம் பிடித்த பத்து நிமிடத்துக்கு இரண்டு பேர் அரை நாள் தட்டித் தேய்த்துச் சரிசெய்வார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் போய் அக்காவின் காது அடைப்பையும் கழற்ற வைப்பேன். மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அதுதான் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. டீசல் மெஷினைப் பின்சுவருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தள்ளினோம். கம்ப்ரஸர் மூடிக்குப் புது ஆணி, அடியில் கடையில் வாங்கிய நாறாத ரப்பர். தட்ட வேண்டிய தொட்டிகளை மணல் மூட்டைகள் மேல் கிடத்தினோம். மணி ஓசை போய் 'தொப் தொப்' என்றானது. அக்கா என் மெஷினில் கரண்டை அளவாக வைத்து, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

"இதத் தொட்ட, கைய ஒடச்சிருவேன்."

தொடவில்லை. ஏழாம் நம்பர் வெல்டிங்கைத் தட்டுகிற வேலை பாதிக்கு மேல் குறைந்தது.

மேனேஜரிடம் அளந்த நூலகம் வரவில்லை. சந்தைக் கூச்சல் போடும் பாசார் அளவுக்கு வந்தது. எங்களுக்கு அதுவே பெரிது. அந்தப் பாசார் அமைதியில்தான் எனக்கு அடுத்த இடி விழுந்தது. தேத்தண்ணி நேரத்தில் என் மிகச் சிறந்த ஜோக் ஒன்றைச் சொன்னேன். எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இதையே முன்ன சொன்னப்ப எல்லாரும் சிரிச்சீங்களே!"

"முன்ன எங்க கேட்டுச்சு?" என்றார் அக்கா. "நீ வாயசைக்கிறது நின்னா சிரிப்போம்."

"பதினோரு வருஷமாவா?"

"பாவம், ஓடி ஓடி வர்றியேன்னு."

பிறகு மூன்று மாதக் கெடு வந்தது. நர்ஸ் வந்தார். அக்கா கூண்டுக்குள் போனார். நான் வெளியே நின்றேன். என்னை உள்ளே விட்டால் நானே எல்லா பீப்புக்கும் பட்டனை அழுத்தியிருப்பேன். கண்ணாடி வழியாக அவர் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காதுக்கு விரல் சளைக்காமல் அசைந்தது. இடது காதுக்கு மாற்றியதும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு அசைவு. இன்னொன்று. பிறகு விட்டுவிட்டு, ஆனால் வந்துகொண்டே இருந்தது.

நர்ஸ் தாளைப் பார்த்தார். போனது போனதுதான், திரும்பி வராது. ஆனால் புதிதாக எதுவும் இறங்கவில்லை. "வெல்டிங்கிலேயே இருக்கலாம். பிளக்கை மட்டும் கழற்றக் கூடாது," என்று சொல்லிவிட்டு ஏனோ என்னைப் பார்த்தார். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகத் தன் மேடைக்கு நடந்தார். கண் ஓரம் கொஞ்சம் ஈரம். புகை என்று சொல்லத் தயாராக இருந்தார் போல, நான் கேட்கவில்லை. அவர் கையுறையை மாட்டுவதற்குள் ஓடிப்போய் இடது பக்கம் நின்றுகொண்டேன்.

"அக்கா, அப்ப இனிமே நான் பேசுறது எல்லாமே நல்லா கேக்கும், இல்ல?"

அக்கா பிளக்கை எடுத்து இடது காதில் அழுத்தினார்.

"கேக்குது. நிப்பாட்டு."