எட்டாவது ஒப்புதல்

அந்த அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் வேலையை விட்டுப் போய் ஆறு வருஷமாகிறது. இப்போது எல்லோருக்கும் அவள் பெரியக்கா. பதினேழு வருஷமாக ஒரே கம்பெனி, ஒரே மென்பொருள். ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் மென்பொருள் அது. அவள் சேர்ந்தபோது மொத்தமே முப்பது பேர். காலையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இப்போது ஐந்து மாடி, இரண்டாயிரம் பேர். தப்பு கண்டுபிடிக்க ஒரு குழு, அது தப்புதானா என்று பார்க்க ஒரு குழு, அந்த இரண்டு குழுவும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்கின்றனவா என்று கவனிக்க இன்னொரு குழு. வேலை செய்வதற்குத்தான் ஆள் போதவில்லை என்பாள் பெரியக்கா.

நாலு மாதத்துக்கு முன் அவளே ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். நோயாளிக்குக் குறித்த நாளை ஆஸ்பத்திரி ஒருமுறை மாற்றினால் பிரச்சினையில்லை. இரண்டாவது முறை மாற்றினால்தான் வினை. ஆஸ்பத்திரியின் திரையில் புது நாள் சரியாகத் தெரியும். நோயாளியின் போனுக்குப் போகும் மெசேஜில் மட்டும் பழைய நாளே இருக்கும். ஒரே ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது. ஆனால் மெசேஜ் அனுப்பும் பகுதி மூன்றாம் மாடிக் குழுவினுடையது. அடுத்த குழுவின் வரியில் கை வைப்பது, அந்தக் கம்பெனியில், பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் கேட்காமல் நுழைவது மாதிரி. அதனால் முறைப்படி புகார் எழுதிப் போட்டாள். ‘அவசரம்’ என்று குறிக்கப் போனால், ஏன் அவசரம் என்பதற்குத் தனியாக ஒரு படிவம் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் நிரப்பினாள்.

அதோடு சரி. கிணற்றில் போட்ட கல். வாரத்துக்கு ஒருமுறை மூன்றாம் மாடிக் குழுத் தலைவருக்குப் போன் போடுவாள்.

“என்ன சார், நம்ம விஷயம் என்னாச்சு?”

“அப்ரூவல்ல இருக்குங்க அக்கா.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க.”

“போன வாரமும் அப்ரூவல்லதானே இருந்துச்சு!”

போனை வைத்துவிட்டு மூன்றாம் மாடியின் மூன்று தலைமுறையையும் திட்டித் தீர்ப்பாள். கேட்க ஆள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

அவளுடைய அப்பா தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் மெஷின். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஊசியில் நூல் கோப்பதற்கே அரை மணி நேரம் ஆகிறது என்ற நிலையில்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். பன்னிரண்டாம் தேதி என்றார்கள். டாக்டர் ஊரில் இல்லை, பத்தொன்பது என்று மாற்றி மெசேஜ் வந்தது. நாலு நாள் கழித்து, பத்தொன்பது என்று இன்னொரு மெசேஜ்; பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொன்னான். எவ்வளவு அக்கறையாக ஞாபகப்படுத்துகிறார்கள் என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டார். மகளிடம் சொல்ல அதில் என்ன இருக்கிறது?

பத்தொன்பதாம் தேதி வெறும் வயிற்றோடு இருவரும் போய் நின்றார்கள். கவுண்டர் பெண் திரையைப் பார்த்தாள்.

“உங்களுக்குப் பதினஞ்சாம் தேதின்னு மாத்தியிருந்தோமே, ஏன் வரலை? இனிமே ஏழு வாரம் ஆகும்.”

பெரியக்காவுக்கு அந்தத் திரையை அடையாளம் தெரிந்தது. அவள் கம்பெனித் திரை.

மறுநாளே பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து சீருடைத் துணியை மூட்டையாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஏழு வாரம் காத்திருக்க முடியாது, பள்ளி திறந்துவிடும் என்றார்கள். வருஷா வருஷம் அவர் தைத்துக் கொடுத்த சீருடை. அப்பா அளவு எழுதிய நோட்டையும் எடுத்துக் கொடுத்தனுப்பினார்.

பெரியக்கா அன்றைக்கு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மூச்சிரைக்க மூன்றாம் மாடிக்கு ஏறி, குழுத் தலைவரின் மேஜைமுன் நின்றாள்.

“அப்ரூவல் அப்ரூவல்னு நாலு மாசமா கதை விட்டீங்களே, யார்கிட்ட நிக்குது? எனக்கு இப்ப அந்த ஆள் பேர் தெரியணும்.”

அவர் திரையில் அந்தப் புகாரைத் திறந்து பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“நாங்க மூணாம் நாளே திருத்தி முடிச்சுட்டோம் அக்கா. எட்டுப் பேர்ல ஏழு பேர் சரின்னுட்டாங்க. எட்டாவது, இந்த மாற்றத்தால பாதிக்கப்படற குழுவோட சார்பா ஒருத்தர். அது உங்க குழு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “நீங்கதான் அக்கா.”

அக்கம்பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றது. உடனே முன்னைவிட வேகமாக ஆரம்பித்தது.

ஒப்புதல் கேட்டு அவளுக்கு ஒரு நாளைக்கு நூறு மெயிலாவது வரும். ஓய்வறை விளக்கை மாற்றுவதற்குக்கூட வரும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் வெறுத்துப் போய், அவையெல்லாம் வந்ததும் தானாகவே ஒரு மூலைக்குப் போகும்படி செய்துவைத்திருந்தாள். அந்த மூலையைப் பிறகு அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. வேலையை நகரவிடாமல் பிடித்துவைக்கிறார்கள் என்று எத்தனை பேரை ஏசியிருப்பாள்! யாரிடம் நிற்கிறது என்று நாலு மாதத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம். திட்டுவதற்கு இருந்த நேரம் அதைக் கேட்பதற்கு இல்லாமல் போயிற்று.

கீழே வந்து தேடி எடுத்து ‘சம்மதம்’ என்பதை அழுத்தினாள். தொண்ணூறு நாள் கடந்துவிட்டதால் எட்டுப் பேரிடமும் மறுபடி முதலிலிருந்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று திரை மரியாதையாகச் சொன்னது. அவளுக்கு மேஜையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அப்பா மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

“யாரால இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுதாம்மா?”

“என்னாலதான்ப்பா.”

ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“மத்தியானம் வந்துச்சு. எழுத்து தெரியலை, என்ன போட்டிருக்கு?”

ஆபரேஷனுக்குப் புது நாள். கீழே அவள் கம்பெனியின் பெயர் சின்ன எழுத்தில். அவள் நாளைப் படித்துச் சொன்னாள்.

“இதை நம்பலாமாம்மா?” என்றார் அப்பா. குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்.

பதினேழு வருஷம். பெரியக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வேண்டாம்ப்பா. காலைல நான் நேர்ல போய்க் கேட்டுட்டு வரேன்.”