சனிக்கிழமை கழுவிய வண்டி

எனக்கு முன்னால் சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்ற அக்கா, வியாதியில் கிடைத்த சுகத்தைச் சொன்னார்கள். நான் சொல்லப்போவது ஒரு பிக்கப் வண்டிக்குக் கிடைத்த சுகத்தைப் பற்றி. இதில் வயிற்றெரிச்சல் நிறைய வரும். பொறுத்துக் கேளுங்கள்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு எனக்குச் சோதனை ஆரம்பித்தது. ஆம்பூரில் தோல் பதனிடுகிற தோல் ஷாப்புக்கு, உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றிப் போவதுதான் என் வண்டிக்கு வேலை. வேகம் அறுபதைத் தொட்டால் போதும், முன்பக்கம் உதற ஆரம்பிக்கும். ஸ்டியரிங் கைக்குள் நடுங்கும். பிறகு மூன்றாவது கியரும் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வர ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை முழு லோடோடு மேம்பாலம் ஏறும்போது கியர் விழுந்து வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு பஸ், உள்ளே பள்ளிப் பிள்ளைகள். "இயேசப்பா!" என்று கத்திக்கொண்டு பிரேக்கின் மேல் ஏறியே நின்றேன். ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது.

விஷயம் தோல் ஷாப் சூப்பர்வைசர் காதுக்குப் போய்விட்டது. "இன்பா, திங்கக்கெழமைக்குள்ள வண்டிய சரி பண்ணு. இல்லன்னா லோட உன் சகல சாம்சன்கிட்ட குடுத்துடுவேன். அவரு புதுசா இன்னொரு வண்டி எடுக்கறாராமே?" என்றார்.

உலகத்தில் எத்தனையோ டிரைவர்கள் இருக்க, அவர் வாயில் வந்த பெயர் சாம்சன்.

சாம்சன் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி ரூபியின் தங்கை வீட்டுக்காரர். ஷூ கம்பெனிக்கு அட்டைப்பெட்டி ஏற்றுகிற வெள்ளை வேன் வைத்திருக்கிறார். அந்த வேன் வருவதற்கு முன்பு, எங்கள் கிராமத்து விசுவாசிகள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை என் பிக்கப்பில்தான் சபைக்கு வருவார்கள். பாட்டுச் சத்தம் ரோடு முழுக்கக் கேட்கும். வேன் வந்தது, அத்தனை பேரும் அதில் ஏறிவிட்டார்கள். ரூபியும் ஏறிவிட்டாள். நான் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவேன். முன்னால் போகிற வேனிலிருந்து என் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்கு அடிவயிற்றில் இருந்து பற்றிக்கொண்டு வரும்.

தோல் நாற்றத்துக்குப் பயந்துதான் போகிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். அதனால் சனிக்கிழமை தோறும் பின்தொட்டியைச் சோப்புத்தூளும் பினாயிலும் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் பள்ளத்தில் இருக்கிறது. வண்டியின் மூக்கைப் பள்ளத்தில் விட்டு நிறுத்திக் கழுவுவேன், விடியும்வரை அங்கேயே நிற்கும். மறுநாள் தொட்டி பளபளவென்று இருக்கும். ஏறத்தான் ஒருவரும் இல்லை.

உதறலுக்கு வைத்தியம் பார்க்காமலும் இல்லை. அலைன்மென்ட் செய்தேன், வீல் பேலன்சிங் செய்தேன், சக்கரத்தைத் திருப்புகிற டைராட் முனைகளை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சில நாள் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் உதறலும் திரும்ப வந்துவிடும். ஞாயிறு என்ன நடக்கிறது? ஆராதனை முடிந்ததும் சாம்சன் வந்து என் பானட்டைத் தட்டி, "இன்னாண்ணா, வண்டி எப்டி கீது?" என்பார். அவர் கண்தான் பட்டுவிட்டது என்று நினைத்தேன். கண்ணேறு படும் என்று விசுவாசி நம்பக் கூடாது, எனக்கும் தெரியும். ஆனாலும் நம்பினேன். சபையில் எழுந்து, "ஆண்டவரே, வண்டியைச் சரியாக்கும்" என்று ஜெபித்தேன். உட்கார்ந்த பிறகு மனதுக்குள், "அவன் வேனும் ரெண்டு நாள் படுக்கட்டும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

மேம்பாலத்தில் உருண்ட மறுநாள், சனிக்கிழமை காலை, மெக்கானிக் அமீர் பாய் ஷெட்டில் வண்டியை விட்டேன். பாய் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ எறக்கிப் பிரிக்கணும்பா. ஒரு வாரம் ஆவும்" என்றார். ஒரு வாரம் என்றால் லோடு சாம்சனுக்கு. "வண்டிய தண்ணில கிண்ணில நிறுத்தினியா?" என்றும் கேட்டார்.

"இல்ல பாய்" என்றேன். கழுவின கதையைச் சொன்னால் எதற்குக் கழுவினாய் என்று கேட்பாரே!

பாய் டீ குடிக்கப் போனார். நான் கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டியரிங் மேல் தலையை வைத்தேன். வழக்கமான ஜெபம் வரவில்லை. வேறொன்று வந்தது. "ஆண்டவரே, வண்டி உதர்றது கூட பரவால்ல. அவன் வேன்ல என் பொண்டாட்டி சிரிச்சிக்கினு போறாளே, அதான் என்னால தாங்க முடில. எனக்குப் பொறாமை, ஆண்டவரே." வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதேன். அழுது முடித்ததும், ஆண்டவரே பேசுவதுபோல் உள்ளே ஒரு எண்ணம் தெளிவாக வந்தது: என்னிடம் சொன்ன உண்மையைப் பாயிடமும் சொல்.

இறங்கிப் போய் வேன், ரூபி, சோப்புத்தூள், பள்ளம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாய் டீ புரையேறச் சிரித்தார். சிரித்துக்கொண்டே டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

முன் சக்கர ரிம்மின் உள்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். உப்பும் தோலிலிருந்து உதிர்ந்த முடியும் சேறும் சேர்ந்து கெட்டியான கட்டி ஒன்று விழுந்தது. தொட்டியிலிருந்து ஓடிய அழுக்கு பள்ளத்தில் தேங்கி, ராத்திரி முழுக்க அதில் நின்ற சக்கரத்தின் அடியில் படிந்து காய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கனம். உதறாமல் என்ன செய்யும்? அடுத்து கடப்பாரையால் கியர்பாக்ஸைக் கொஞ்சம் தூக்கினார். அது துள்ளியது.

"பாக்ஸு நல்லாதான் கீது. அத்த தாங்கற ரப்பரும் பிராக்கெட்டும்தான் உப்புத்தண்ணி பட்டு பிஞ்சிபோய் கீது. லோடு இழுக்கும்போது பாக்ஸு ஆடுது, கியரு வெளிய வந்துடுது. பிரிக்க வேணாம். பிராக்கெட் வந்தா இன்னிக்கே முட்ச்சிடலாம்."

பிராக்கெட் வேலூரில்தான் கிடைத்தது. பிராக்கெட் வேண்டும் என்று சொன்னதும் ரூபி தங்கைக்குப் போன் போட்டாள். அன்று வேலூரிலிருந்து காலி வேனோடு திரும்பிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அவரேதான். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வழக்கம்போல் பானட்டைத் தட்டி, "இன்னாண்ணா, வண்டி எப்டி கீது?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. சாயங்காலம் ரோட்டில் விட்டுப் பார்த்தோம். அறுபதைத் தாண்டியும் ஸ்டியரிங் அசையவில்லை, கியர் நின்ற இடத்தில் நின்றது. திங்கட்கிழமை லோடை நான்தான் ஏற்றினேன். ஸ்தோத்திரம்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் ரூபியிடமும் உண்மையைச் சொன்னேன். "இன்னாங்க நாத்தம்? எங்கப்பா தோல் ஷாப்புல வேல செஞ்சிதான் என்ன வளத்தாரு. வாரத்துல ஒருநாள் தங்கச்சிகூட பேசலாம்னு அதுல ஏர்னேன். உங்க பக்கத்துல வந்து குந்துன்னு ஒரு வார்த்த கூப்ட்டீங்களா?" என்றாள்.

உண்மைதான். நான் ஒருநாளும் கூப்பிடவில்லை. தொட்டியைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை கூப்பிட்டேன். கேபினில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தாள். வழியில் சாம்சன் ஹாரன் அடித்து எங்களை ஓவர்டேக் செய்தார், அதுவும் புது வண்டியில். பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன், சாட்சியில் பொய் கூடாது. எரிந்தது. அந்த இடத்திலேயே, "ஆண்டவரே, எரியுது" என்று சொன்னேன். சொன்னதும் கொஞ்சம் கம்மியானது.

உங்களில் யாருக்காவது அடிவயிறு எரிந்தால், அதற்கு வேறு பெயர் வைத்து ஜெபிக்காதீர்கள். எரிகிறது என்றே சொல்லுங்கள். அழுக்கு இருக்கிற இடத்துக்குக் குனிந்து வருகிறவர் நம் ஆண்டவர். அவரை நம்புங்கள்.

நான் இப்போதும் சனிக்கிழமை வண்டி கழுவுகிறேன். மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, முதலில் அடிப்பக்கத்தைக் கழுவுகிறேன்.